ஆறாவது ஆள்

என்ன வேலை பாக்கறன்னு யாராவது கேட்டா, "ஆபீஸ்ல இருக்கேன்"னு சொல்லிட்டு பேச்சை மாத்திடுவேன். உள்ளதைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நம்பினவங்க அதுக்கப்புறம் என்கிட்ட சகஜமா பேச மாட்டாங்க. என் மாமியாருக்கு இன்னும் நான் எங்கயோ டைப் அடிக்கறேன்னுதான் நெனப்பு. அப்படியே இருக்கட்டும்.

விஷயம் இதுதான். கம்பெனிங்க இப்பல்லாம் ஆள் எடுக்கறப்போ படிப்பு, அனுபவம்னு மட்டும் பாக்கறதில்ல. நாலு பேரோட சேர்ந்து வேலை செய்ய வருமா, நேத்து சொன்னதை இன்னிக்கு தலைகீழா மாத்தினா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம செய்வாங்களா, அதையெல்லாம் பாக்கணுமாம். அதைப் பாத்துச் சொல்றதுக்குன்னே எங்களோடது மாதிரி நிறுவனங்க இருக்கு. வேலை கேட்டு வந்த அஞ்சு பேரை ஒரு மேஜையைச் சுத்தி உக்கார வெச்சு, ஒரு சிக்கலைக் கொடுத்து, சேர்ந்து தீருங்கன்னு விட்டுடுவோம். ஓரமா மூணு பேர் உக்காந்து மார்க் போடுவாங்க. ஆனா மேஜையில இருக்கறது அஞ்சு பேர் இல்ல, ஆறு பேர். அந்த ஆறாவது ஆள் நான். நானும் வேலை கேட்டு வந்தவ மாதிரி கையில ஃபைலோட வந்து, வெளியில பெஞ்சுல அவங்களோடயே உக்காந்து, "உங்களுக்கும் படபடன்னு இருக்கா?"ன்னு கேட்டுட்டு, கூடவே உள்ள போவேன். போய் அவங்க உயிரை எடுப்பேன். சம்பளம் அதுக்குத்தான்.

ஒரு நாள் எதுக்கெடுத்தாலும் முடியாதும்பேன். ஒரு நாள் எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டிட்டு ஒரு துரும்பையும் நகத்த மாட்டேன். ஒரு நாள் ஒப்புக்கிட்டதையே நான் ஒப்புக்கலைன்னு சாதிப்பேன். ஒரு நாள் அழுவேன். இப்படி ஒரு இம்சையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மத்தவங்க வேலையை எப்படி முடிக்கறாங்கங்கறதுதான் பரீட்சை. பாதி நேரத்துல கதவு திறந்து ஒரு ஆள் காகிதம் ஒண்ணைக் கொடுப்பான், மார்க் போடறவங்களுக்குத் தலைமையா இருக்கற எங்க மேடம் எழுந்து நின்னு, "நிலைமை மாறிடுச்சு, உங்கள்ல ஒருத்தரை வேற இடத்துக்கு மாத்தியாச்சு, யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க"ம்பாங்க. முடிவு பண்ணினா மட்டும் போதாது. காரணத்தை அந்த ஆள் முகத்தைப் பாத்து, குழு சார்பா ஒருத்தர் சொல்லணும். இது எங்க மேடம் கண்டுபிடிச்சது. அதுல அவங்களுக்கு ரொம்பப் பெருமை.

தள்ளப்படற ஆள் எப்பவும் நான்தான், வேற யாரு. எத்தனை குழு என்னைத் தள்ளியிருக்கும்னு நான் கணக்கு வெச்சுக்கல. ஆரம்பத்துல வீட்டுக்குப் போறப்போ பஸ்ல அழுகை வரும். 'இது நடிப்புடி, அவங்க தள்ளினது உன்னையில்ல'ன்னு எனக்கு நானே சொல்லிப்பேன். அப்புறம் அந்த அழுகை நின்னு போச்சு. அதோட சேர்ந்து வேற என்னென்னவோ நின்னு போச்சு போல. அது எனக்குத் தெரியாமலே நடந்துச்சு.

எங்கப்பா இறந்த அன்னிக்கு வீடு கொள்ளாத ஜனம். அத்தை தலையில அடிச்சுக்கிட்டு அழறாங்க. நான் சுவத்துல சாஞ்சு நின்னு, எங்க சித்தப்பா யாரையும் ஒரு வார்த்தை கேக்காம நாற்காலி, பந்தல்னு ஓடறதைப் பாத்துட்டு இருந்தேன். 'தானா முன்வர்றார், ஆனா மத்தவங்களைக் கலந்துக்கறதில்ல, அஞ்சுக்கு மூணு'ன்னு மனசுக்குள்ள மார்க் போட்டேன். போட்டு முடிச்சப்புறம்தான் செத்தது என் அப்பாங்கறது உறைச்சுது. உறைச்சும் ஒண்ணும் ஆகல. தம்பி வந்து, "அக்கா, நீ அழுதுடு, உள்ளயே வெச்சுக்காத"ன்னான். உள்ள எதுவும் இல்லடான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?

என் வேலையைப் பத்தி முழுசா தெரிஞ்ச ஒரே ஆள் எங்க வீட்டுக்காரர். அவர்கிட்ட மட்டும் எதையும் மறைச்சதில்ல. சாயங்காலம் அவர் சமையல்கட்டுல வெங்காயம் நறுக்குவார், நான் மேடைமேல சாஞ்சுக்கிட்டு மறுநாள் அழுகையை ஒத்திகை பாப்பேன். "கண்ணு கலங்குது சரி, மூக்கு சிவக்கலையே, எவன் நம்புவான்?"பார். "நறுக்கறது நானு, அழறது நீ. நல்ல குடும்பம்"னு சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு வருஷத்துக்கு முன்னாடி நின்னுச்சு.

அவர் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வையாளரா இருந்தார். புதுசா மெஷின் வந்துச்சு, பிரிவையே இழுத்து மூடிட்டாங்க. அதுக்கப்புறம் ஏறாத கம்பெனிப் படி இல்ல. எல்லா இடத்துலயும் இதே மேஜை, இதே ஆறு நாற்காலி. "அனுபவம் நிறைய இருக்கு, குழுவுக்குப் பொருந்துவாராங்கறது சந்தேகம்"னு பதில் வரும். எங்களை மாதிரி வேற ஏதோ நிறுவனத்துல, என்னை மாதிரி வேற ஏதோ ஒரு சனியன் அவர் எதிர்ல உக்காந்திருந்திருக்கும். இவர் மாங்கு மாங்குன்னு வேலையைப் பாத்துட்டு, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சிரிச்சுப் பேச மறந்திருப்பார். என் தொழில்காரிங்களாலயே என் வீட்டுல உலை வெக்கறது கஷ்டமாச்சு, கேட்டீங்களா கூத்தை?

வீட்டுல அவர் சத்தம் வராம நடக்க ஆரம்பிச்சார். நான் உள்ள வந்தா டிவி சத்தத்தைக் குறைப்பார். இன்னொரு கை சாதம் வேணும்னா என் முகத்தைப் பாத்துட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். "உங்க வீடுங்க இது"ன்னு ஒரு நாள் சொன்னேன். "தெரியுமே"ன்னார். மறுநாளும் அப்படியேதான்.

அப்பதான் அந்தச் சரக்குக் கிடங்கு கம்பெனி வந்துச்சு. ஷிஃப்ட் பொறுப்பாளர் வேலை. தினம் ஆள் மாறும், வாரத்துக்கு ஒரு தடவை வேலையே மாறும், அதைச் சமாளிக்கற ஆள் வேணும்னாங்க. அவருக்கு இந்த வருஷத்தோட வயசு வரம்பு தாண்டிடும். "இது கிடைக்கலன்னா இனிமே எவனும் கூப்பிட மாட்டான். உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிட்டே கிழவனாயிடுவேன்"னு அவரே சொன்னார். ஆள் எடுத்துக் கொடுக்கற பொறுப்பு எங்க நிறுவனத்துக்கு வந்திருந்துச்சு. எங்க வீட்டு மனுஷங்க இங்க பரீட்சைக்கு வரக்கூடாதுன்னு சட்டம். தெரிஞ்சா அவங்க பேரையும் அடிச்சுடுவாங்க, நம்ம சீட்டையும் கிழிச்சுடுவாங்க. அவர் அவங்க அண்ணன் வீட்டு விலாசத்தைப் போட்டு விண்ணப்பம் அனுப்பினார். நான் எதுவும் சொல்லித் தரல, அவரும் கேக்கல. அவருக்கு வந்த தேதியில என் முறை இல்ல. புயல்னு நாங்க கூப்பிடற இன்னொருத்தியோட முறை. அவ ஆறாவது ஆளா வந்தா மேஜையே ஆடும், ஆனா வெளியில பூனைக்குட்டி. அவகிட்ட இவர் சமாளிச்சுடுவார்னு எனக்குத் தைரியம்.

அன்னிக்குக் காலையில இவர் இஸ்திரி போட்ட சட்டையோட சீக்கிரமே கிளம்பிட்டார். நான் லீவு, தலைக்குக் குளிச்சுட்டு நிக்கறேன், மேடம் ஃபோன் பண்றாங்க. புயலுக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சாம், திரும்ப முடியலையாம். "நீ வா, இல்லன்னா ஒரு பேட்சே வீணா போயிடும்." இவர் ஃபோனுக்கு அடிக்கறேன், அணைச்சு வெச்சிருக்கார். பரீட்சைக்கு வர்றவங்க ஃபோனை வாசல்லயே வாங்கி வெச்சுடுவாங்க. முடியாதுன்னு மேடம்கிட்டச் சொல்ல ஒரு காரணமும் வாயில வரல. பொய் சொல்றதுக்கே சம்பளம் வாங்கறவ, பாருங்க, ஒரு பொய் கிடைக்கல.

பெஞ்சுல அஞ்சு பேர். அஞ்சாவதா அவர், ஃபைலை மடியில வெச்சுக்கிட்டு. என்னைப் பாத்ததும் முகம் ஒரு நொடி வெளுத்துச்சு. பக்கத்துல இடம் இருந்துச்சு, உக்காந்தேன்.

"உங்களுக்கும் படபடன்னு இருக்கா சார்?"ன்னேன்.

"கொஞ்சம் இருக்கு மேடம்"னார்.

கல்யாணமானதுலேர்ந்து எனக்குக் கிடைச்ச முதல் மேடம் அதுதான். வேற நாளா இருந்தா ரெண்டு பேரும் சிரிச்சே செத்திருப்போம்.

உள்ள போனோம். வெள்ளைப் போர்டு, ரெண்டு மார்க்கர், தண்ணி பாட்டில், ஒரு சுவர்க் கடிகாரம். ஓரத்து மேஜையில எங்க மேடம், சரக்குக் கம்பெனியிலேர்ந்து வந்த மேனேஜர், எங்க மனோதத்துவக்காரப் பொண்ணு. இந்தப் பொண்ணு எதையும் 'சுவாரசியம்'னு சொல்லும். யாராவது வழுக்கி விழுந்தாலும் அதுக்குச் சுவாரசியம்தான். குழுவுல எங்க ரெண்டு பேர் தவிர, பள்ளிக்கூட வேலையை விட்டுட்டு வந்த ஒரு டீச்சர், ஒரு நர்ஸ், ஒரு தாடிக்காரர், கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருத்தர்.

சிக்கல் இதுதான். ஒரு ஆஸ்பத்திரியைப் பழைய கட்டடத்துலேர்ந்து புதுக் கட்டடத்துக்கு மாத்தணும். நோயாளி, கட்டில், மருந்து, மெஷின் எல்லாம். எதை முதல்ல, எதைக் கடைசியில, யார் எதுக்குப் பொறுப்புன்னு திட்டம் போடணும். எனக்கு அன்னிக்குக் கொடுத்திருந்த வேஷம் தலையாட்டறது. எல்லாத்துக்கும் சரிம்பேன், கேட்டா சிரிப்பேன், எதுலயும் இறங்க மாட்டேன்.

இவர் நல்லாத்தான் ஆரம்பிச்சார். வீட்டுல இல்லாத குரல். "முதல்ல எல்லாரும் என்ன நினைக்கறீங்கன்னு சொல்லுங்க"ன்னு நர்ஸம்மாவைப் பேச வெச்சார். அந்தம்மா தீவிர சிகிச்சைப் பிரிவைக் கடைசியிலதான் நகத்தணும்னு சொன்னப்போ, "நான் அதை முதல்லன்னு நினைச்சேன், உங்களுக்குத்தான் தெரியும், மாத்திக்கறேன்"னார். மேனேஜர் ஏதோ எழுதினார். தாடிக்காரர் குறுக்க குறுக்க பேசினார், அவரையும் இவர் கோவிச்சுக்கல. பழைய பரீட்சையெல்லாம் இவருக்குப் பாடம் ஆயிருக்கு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் மாதிரி ஏதோ எட்டிப் பாத்துச்சு. 'மத்தவங்க கருத்தை ஏத்துக்கறார், அஞ்சுக்கு நாலரை'ன்னு என்னையறியாம போட்டேன்.

கதவு திறந்துச்சு. மேடம் எழுந்து நின்னாங்க. நிலைமை மாறிடுச்சு, ஒருத்தரை மாத்தியாச்சு, முகத்தைப் பாத்துக் காரணம் சொல்லுங்க.

எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க, பழக்கமான பார்வைதான். டீச்சர், "பாவம்"னாங்க. கட்டம் போட்ட சட்டை, "பாவம்தான், ஆனா எதுவும் செய்யலையே"ன்னார். முடிவாச்சு. யார் சொல்றதுன்னு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. தாடிக்காரர் வாய் மூடிக்கிச்சு, அதுவரைக்கும் ஓயாத வாய். கடைசியில இவர், "நான் சொல்றேன்"னார். வேற யாராவது சொல்லியிருந்தா இவருக்குத்தான் நஷ்டம். முன்வந்து சொல்றவங்களுக்கு மார்க் அதிகம்னு இவருக்கு எப்படியும் புரிஞ்சிருக்கும்.

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். என் கண்ணைப் பாத்தார்.

"மேடம், உங்க மேல எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்ல"ன்னு ஆரம்பிச்சார். அது எல்லாரும் சொல்றது. அப்புறம் நிறுத்தினார். திரும்பப் பேசறப்போ குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்துச்சு.

"நீங்க கேட்டதைச் செய்யறீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா நாங்க பேசறப்போ நீங்க கேக்கல, எங்களை எடை போட்டுட்டு இருக்கீங்க. ஒருத்தன் ஒரு கெட்ட சேதியோட வந்து உங்க முன்னாடி நின்னா, அவனுக்கு என்ன ஆச்சுன்னு பாக்க மாட்டீங்க. அவன் அதை எப்படிச் சொல்றான்னு பாப்பீங்க. அந்த மாதிரி பாத்தா அவன் அதுக்கப்புறம் எதையும் கொண்டு வர மாட்டான். நீங்க பக்கத்துலதான் இருக்கீங்க மேடம். கூட இல்ல."

ஆஸ்பத்திரி மாத்தற கதையில்ல அது. வேலை போன அன்னிக்கு அவர் செருப்பைக்கூட கழட்டாம வாசல்ல நின்னு சொன்னார். நான் அவர் கையைத்தான் பாத்தேன், நடுங்கலையேன்னு. "சரி, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்"னேன். அதை அவர் இத்தனை நாள் ஒரு தடவைகூட பேசினதில்ல. இப்ப மூணு பேர் மார்க் போட, நாலு பேர் வேடிக்கை பாக்க, எனக்கு வாங்க போங்கன்னு மரியாதை கொடுத்துச் சொல்றார்.

மேடத்துக்கும் எனக்கும் ஒரு ஜாடை உண்டு. மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மேஜையில வெச்சா நான் அழணும். வெக்கலன்னா சண்டை போடணும். கண்ணாடி அவங்க மூக்குமேலதான் இருந்துச்சு. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். மூச்சு ஒரு மாதிரி இழுத்துச்சு. என்ன நடக்குதுன்னு எனக்கே புரியறதுக்குள்ள ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதுட்டு இருந்தேன். அப்பாவுக்கு வராதது, பஸ்ல நின்னு போனது, எல்லாம் மொத்தமா வந்த மாதிரி அசிங்கமா ஒரு அழுகை. மூக்கு ஒழுகுது, விக்கல் வருது.

டீச்சர் ஓடி வந்து முதுகைத் தடவினாங்க. நர்ஸம்மா பாட்டிலைத் திறந்து வாய்கிட்டக் கொண்டு வந்தாங்க. கட்டம் போட்ட சட்டை கைக்குட்டையை நீட்டினார். தாடிக்காரர்கூட, "அட, விடுங்க சிஸ்டர், இதுக்குப் போய்"னார். விரல் இடுக்குல பாத்தேன். எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கறாங்க. இவர் ஒருத்தர் மட்டும் எழுந்து போர்டுகிட்டப் போய், முதுகைக் காட்டிக்கிட்டு, மார்க்கரால எழுதிட்டு இருந்தார். என் பேர் போட்டிருந்த இடத்தை அழிச்சுட்டு, அந்த வேலையை மத்தவங்களுக்குப் பிரிச்சு எழுதறார். அழிக்கற துணி கீழே விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தார். திரும்பவே இல்ல.

'நடிக்கறேன்னு நினைக்கறார்'னு புரிஞ்சுது. வேற எப்படி நினைப்பார்? என் அழுகை அத்தனையும் பாத்துப் பாத்துப் பழகின ஆள். இதையும் அதுல ஒண்ணுன்னு நினைச்சுட்டார். இந்த அறையிலயே விவரம் தெரிஞ்ச ஒரே ஆள் ஏமாந்து போயிட்டார். எனக்கு அழுகையிலயும் அவர் மேல பரிதாபமா இருந்துச்சு.

முடிஞ்சு அவங்களை அனுப்பிட்டு, நாங்க நாலு பேரும் உக்காந்தோம். மேடம் என்னைப் பாத்து, "உன்னை அழவே சொல்லலையே, சொந்தச் சரக்கா? பிரமாதம் போ"ன்னாங்க. மனோதத்துவப் பொண்ணு, "ரொம்ப சுவாரசியம்"னுச்சு. நான் முகத்தைக் கழுவிட்டு வந்து டீ குடிச்சுட்டு இருந்தேன். அதுக்குள்ள பழைய கல்லாயிட்டேன்.

மத்த நாலு பேரையும் சீக்கிரமே பேசி முடிச்சுட்டாங்க. இவர்கிட்ட வந்துதான் நின்னுச்சு.

மேனேஜர் சொன்னார், "எனக்கு இவர்தான் வேணும். ஒரு மணி நேரத்துல எதிர்ல இருக்கற ஆளை எப்படிப் படிச்சார் பாத்தீங்களா? நான் பதினஞ்சு வருஷமா ஆளுங்களை மேய்க்கறேன், எனக்கே அப்படிச் சொல்ல வராது."

"படிச்சார் சரி, பக்கத்துல ஒரு பொம்பளை குலுங்கிக் குலுங்கி அழறா, திரும்பிப் பாக்கலையே"ன்னுச்சு பொண்ணு. "நாளைக்குக் கிடங்குல ஒருத்தன் மேல பெட்டி விழுந்தா, இவர் பெட்டியைத்தான் எண்ணுவார். நான் வேணாம்னு எழுதறேன்."

மேடம் ரெண்டு பக்கமும் தலையை ஆட்டிட்டு என் பக்கம் திரும்பினாங்க. எங்க ஆபீஸ்ல இது ஒரு வழக்கம். ஆறாவது ஆளுக்கு மார்க் போடற உரிமை இல்ல, ஆனா கடைசியா ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. இழுபறின்னா அதுதான் தீர்ப்பு.

"நீ சொல்லு. இந்த ஆளோட தினமும் சேர்ந்து வேலை செய்வியா?"

அவங்க கேக்கறது கிடங்கைப் பத்தி. எனக்கு எங்க வீட்டுச் சமையல்கட்டுதான் கண்ணுல வந்துச்சு. செய்ய மாட்டேன்னு சொன்னா அதுல பொய் கொஞ்சம்தான் இருக்கும். ஒரு மனுஷி அழறப்போ போர்டுல எழுதிட்டு நின்ன ஆளோட யாருக்கு வேலை செய்யத் தோணும்? ஆனா அவர் மேல என்ன தப்பு? அவர் ஏமாந்துட்டார். நான் அவ்வளவு நல்லா நடிப்பேன்னு அவருக்கு நம்பிக்கை. நிஜம்னு தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் மேஜையைத் தாண்டி வந்திருப்பார், வேலையாவது மண்ணாவது. இதுல எனக்குச் சந்தேகமே வரல. அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"செய்வேன்."

"அவர் உன்னைக் கண்டுக்கவே இல்லையே?"

"சொன்னது சரியாத்தானே இருந்துச்சு. அது போதும்."

மேடம் கையெழுத்துப் போட்டாங்க. மேனேஜர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே அவருக்கு ஃபோன் போயிருந்துச்சு. கதவைத் திறந்தவர் முகத்துல சிரிப்பு, அதைப் பாத்து எத்தனை நாளாச்சு. மேஜையில ஒரு கேக் டப்பா. "திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க"ன்னார். ரெண்டு தடவை சொன்னார். அண்ணனுக்கு ஃபோன் பண்ணியாச்சாம், அம்மாவுக்குப் பண்ணியாச்சாம். "கை கழுவிட்டு வரேன்"னு நான் போய், திரும்பி வந்து உக்காந்தேன். அவர் எனக்கு ஒரு துண்டு வெட்டி வெச்சார். சாப்பிட்டேன், இனிப்பாதான் இருந்துச்சு.

"நான் அங்க பேசினதை மனசுல வெச்சுக்காத"ன்னார். "அந்த நேரத்துக்கு வாயில வந்துடுச்சு."

"அட விடுங்க. அது அங்கயோட போச்சு." அவர் சங்கடப்படறதைப் பாத்து நானே சிரிச்சுச் சொன்னேன், "என் அழுகையைப் பாத்து அந்த டீச்சரம்மா பட்ட பாடு! நீங்கதான் அசையலையே. ஒரு விஷயம் தெரியுமா, இன்னிக்கு நான் நடிக்கல. நீங்க நடிப்புன்னு நினைச்சுட்டீங்க. பரவால்ல, அதுல உங்க தப்பு என்ன இருக்கு."

அவர் கத்தியைக் கீழே வெச்சார். விரல்ல ஒட்டியிருந்த கிரீமைத் துடைச்சார். துடைச்ச இடத்தையே திரும்பத் துடைச்சார்.

"நடிப்புன்னு நினைக்கல"ன்னார்.

நான் கேக் டப்பாவை மூடினேன்.

"நடிக்கறப்போ நீ முகத்தை மூட மாட்ட. எல்லாரும் பாக்கணும்ல. இன்னிக்கு மூடிக்கிட்ட. பாத்த உடனே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான் எழுந்து போனேன். உன்கிட்ட வந்திருந்தா தண்ணி மட்டும் கொடுத்துட்டு வந்திருக்க முடியாது. உன்னைத் தொட்டிருப்பேன். தொட்டா மூணு பேருக்கும் அப்பவே விளங்கியிருக்கும். என் வேலையும் போச்சு, உன் வேலையும் போச்சு. நினைக்க ஒரு நொடிதான் இருந்துச்சு. போர்டுல என்ன எழுதினேன்னு இப்ப கேட்டா எனக்குத் தெரியாது."

முழுசா கேட்டேன். அவர் சொன்னதுல ஓட்டை எங்கயாவது இருக்கான்னு தேடினேன், இல்ல. அந்த ஒரு நொடியில அவர் செஞ்சதை விடச் சரியா யாரும் செஞ்சிருக்க முடியாது. அவர் இடத்துல நான் இருந்தாலும் போர்டுகிட்டத்தான் போயிருப்பேன். அதையே அவர்கிட்டச் சொன்னேன்.

"சரியாத்தாங்க செஞ்சீங்க."

"கோவம் இல்லையே?"

"இல்ல."

பொய் இல்ல. எங்கயாவது ஒரு மூலையில இருக்கான்னு தேடிப் பாத்துட்டுத்தான் சொன்னேன். அவர் முகம் தெளியும்னு பாத்தேன். தெளியல. கண்ணு ரெண்டும் சிவந்துச்சு, தாடை ஆட ஆரம்பிச்சுது. வேலை போன அன்னிக்குக்கூட ஆடாத தாடை.

"கொஞ்சமாவது கோவப்படேன்"னார். "ஒரு வார்த்தை திட்டேன். அந்த டப்பாவைத் தூக்கி அடி. உன் கால்ல வேணாலும் விழறேன், ஏதாவது பண்ணு."

வாயைத் திறந்தேன். எந்த மாதிரி கோவம் வேணும்னு கேக்கத்தான் வந்துச்சு.